தங்க வரும் விருந்தினர், கூடவே மூன்று வாண்டுகள்: வீட்டை எப்படித் தயார் செய்வது?

#1 · வாசற்படி

அடுத்த வாரக் கடைசியில அண்ணன் குடும்பம் எங்க வீட்டுக்கு வந்து நாலு ராத்திரி தங்குறாங்க. பிள்ளைகளுக்கு ஒன்றரை, நாலு, ஆறு வயசு. மூணுமே ஒரு இடத்துல உட்காராத ரகம். எங்க வீட்ல குழந்தைகள் கிடையாது, ஒரு பூனை மட்டும் இருக்கு. முதல் மாடி, ரெண்டு பெட்ரூம், ஒரு பால்கனி. கீழ் வீட்ல வேற குடும்பம்.

"குழந்தைங்கதானே, அனுசரிச்சுப் போங்க" ரக அறிவுரை ஏற்கனவே வேண்டிய மட்டும் கிடைச்சாச்சு. எதை எடுத்து ஒளிக்கணும், எதைப் பூட்டணும், எதை மாட்டணும், அண்ணி மனசு நோகாம எதை எப்படிச் சொல்லணும்? இதுதான் எனக்கு வேணும்.

#2 · ஸ்க்ரூடிரைவர்

மூணு வயசுக்கும் ஆபத்து வேற வேற. ஒன்றரை வயசுக்குத் தரையிலிருந்து மூணு அடி வரைக்கும்தான் உலகம். கையில கிடைச்சது நேரா வாய்க்குப் போகும். நாலு வயசுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறத் தெரியும், அதனால "உயரத்துல வச்சுட்டேன்"ங்கறது செல்லாது. ஆறு வயசு தாழ்ப்பாளைத் திறக்கும், தம்பிக்கும் சேர்த்துத் திறந்து விடும். ஆகவே விஷம், மருந்து, பிளேடு, லைட்டர் இதெல்லாம் உயரத்துல வச்சாப் போதாது, பூட்டுக்குள்ள போகணும். ஒரு பெரிய பெட்டியோ பீரோவோ காலி பண்ணி, பூட்டி, சாவியை உங்ககிட்ட வச்சுக்குங்க. அலமாரிக்கு அலமாரி தனி லாக் மாட்டுறதைவிட இது வேகமான வேலை.

அப்புறம் நிஜமாவே மண்டி போட்டு வீட்டை ஒரு சுத்து வாங்க. நின்னு பார்த்தாத் தெரியாதது கண்ணுல படும்: சோபாவுக்கு அடியில உருண்டு போன நாணயம், மேஜை விளிம்புல தொங்குற அயர்ன் பாக்ஸ் வயர், கட்டிலுக்குக் கீழே கிடக்கற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கதவு ஸ்டாப்பர் முனையில லூசா இருக்கற ரப்பர் மூடி. டாய்லெட் பேப்பர் சுருளோட நடு அட்டைக்குழாய் இருக்குல்ல, சுமார் 4 செ.மீ. அகலம். அதுக்குள்ள நுழையற எதுவும் ஒன்றரை வயசுக்காரர் கைக்கு எட்டக் கூடாது. ஃப்ரிட்ஜ் மேக்னெட்டையும் இன்னிக்கே கழட்டிடுங்க.

#3 · வெள்ளைக்கோட்டு

மேக்னெட் பத்தி ஒரு விளக்கம். ஒன்றை விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டு சக்திவாய்ந்த காந்தங்கள், அல்லது ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டும் போனால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் நசுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த இடம் ரத்த ஓட்டம் இல்லாமல் அழுகி ஓட்டை விழும். எத்தனை விழுங்கியது என்று வெளியிலிருந்து தெரியாது என்பதால் எந்தக் காந்தம் போனாலும் மருத்துவமனைதான்.

அதைவிட அவசரமானது பட்டன் செல். ரிமோட், டிஜிட்டல் எடை மெஷின், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, சிறு மெழுகுவர்த்தி விளக்கு, கார் சாவி எல்லாவற்றிலும் இருக்கும். 20 மி.மீ. அகல லித்தியம் செல் மோசமானது, ஏனென்றால் சிறு குழந்தையின் உணவுக்குழாயில் அது சரியாகச் சிக்கும். ஈரச் சதையில் பட்டதும் மின்னோட்டம் ஓடி, செல்லின் மைனஸ் முனைப் பக்கம் சதையை அரிக்கும் காரம் (அல்கலி) உண்டாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண். "தீர்ந்துபோன செல்தானே" என்று விடாதீர்கள். ரிமோட்டை இயக்கப் போதாத செல்லுக்கும் தசையைச் சுடப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும்.

ஸ்க்ரூ இல்லாத மூடி கொண்ட கருவிகளை எல்லாம் பூட்டுப் பெட்டியில் போடுங்கள். விழுங்கிய சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள், உடனே எக்ஸ்ரே வசதி உள்ள அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், தேன் கையருகே இருக்கிறது என்றால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. வீதம், அதிகபட்சம் ஆறு முறை, வழியிலேயே கொடுக்கலாம். அது செல்லைச் சுற்றிப் பூசி எரிச்சலைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. தேன் தேடி நின்று புறப்படத் தாமதிக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழ் தேனே கூடாது.

#4 · ஊதாக்குடை

பட்டியல் போடுறவங்க எல்லாரும் விடுற ஒண்ணு: விருந்தினரோட கைப்பை. வீட்டுக்காரங்க மருந்தைப் பூட்டிட்டு நிம்மதியா இருப்பாங்க. வந்தவங்க பை கட்டில் மேல திறந்து கிடக்கும், உள்ளே பாராசிட்டமால் அட்டை, தைராய்டு மாத்திரை, சானிடைசர், நெயில் கட்டர். அதனால விருந்தினர் அறைக் கதவுக்குப் பின்னாடி நாலரை அடிக்கு மேல ரெண்டு உறுதியான கொக்கி அடிச்சு வைங்க. பெட்டியைக் கீழே வைக்கறதுக்கு முன்னாடியே "அண்ணி, பையை இங்க மாட்டிடலாம், பூனை உள்ள தலையை விடும்"னு சொல்லிடுங்க. பூனைமேல பழியைப் போட்டா யாருக்கும் மனவருத்தம் கிடையாது. மாத்திரையை மட்டும் எடுத்து உங்க பூட்டுப் பெட்டிக்குள்ள போட்டுடுங்க, ஏன்னா மாட்டின பையையும் ஆறு வயசு எட்டிடும்.

"குழந்தைகளால் திறக்க முடியாத மூடி"ங்கற பாட்டிலை நம்பாதீங்க. அந்த மூடி திறக்கறதைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

#5 · செங்கல்சூளை

மரச்சாமான் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான். டிராயர் வைத்த உயரமான அலமாரியில் குழந்தை கீழ் டிராயரை இழுத்துப் படியாக்கி ஏறும். இரண்டு டிராயர் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் எடை முன்பக்கம் சாய்ந்து மொத்தமும் ஆளின் மேல் விழும். ஸ்டாண்டில் நிற்கும் டிவியும் இப்படித்தான்.

செங்கல் அல்லது கான்கிரீட் சுவரானால் எல் ஆங்கிள் இரண்டு போதும். அலமாரியின் மேல் சட்டத்தில் ஒரு பக்கம், சுவரில் மறு பக்கம். 8 மி.மீ. பிட்டில் 50 மி.மீ. ஆழத்துக்குத் துளை, பிளாஸ்டிக் கிரிப், 5 மி.மீ. தடிமன் 50 மி.மீ. நீள ஸ்க்ரூ. துளையிலிருந்து தூள் முழுவதையும் ஊதி எடுக்காமல் கிரிப்பை அடித்தால் அது பிடிக்காமல் சுற்றும். சின்ன ஸ்க்ரூ போட்டால் பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும், இழுத்தால் பூச்சோடு கழன்று வரும். ஆங்கிளின் மறுபக்கத்தை அலமாரியின் பின் பலகையில் அடிக்காதீர்கள், அது 3 மி.மீ. தகடுதான்; பக்கப் பலகையிலோ மேல் சட்டத்திலோ அடியுங்கள்.

துளை போட முடியாத வாடகை வீடு என்றால் கனமான பொருட்களைக் கீழ் டிராயருக்கு மாற்றி, மேல் டிராயர்களைக் காலி செய்து, எல்லா டிராயரையும் திறக்காதபடி நைலான் பட்டையால் கட்டிவிடுங்கள். டிவியை உயரம் குறைந்த அகலமான மேஜைக்கு இறக்கி, விளிம்பிலிருந்து பின்னால் தள்ளி வையுங்கள். அதன் மேல் ரிமோட்டோ பொம்மையோ வைத்தால் அதுவே ஏறுவதற்கான அழைப்பு.

பால்கனி: நாற்காலி, ஸ்டூல், பூந்தொட்டி எல்லாம் உள்ளே. கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் ஒன்றரை வயதுக் குழந்தையின் உடல் நழுவிவிடும். வலையையோ கெட்டியான பலகையையோ உள்பக்கம் கட்டுங்கள். ஜன்னலையும் 10 செ.மீ.க்கு மேல் திறக்காதபடி தடுத்து வையுங்கள். கொசுவலை குழந்தையின் எடையைத் தாங்காது. திரைக் கயிறு வளையமாகத் தொங்கினால் 1.5 மீட்டர் உயரத்துக்கு மேல் சுற்றிக் கட்டி, அதன் அருகிலிருந்து கட்டிலை நகர்த்துங்கள்.

#6 · பூட்டுசாவி

இவ்வளவும் எதுக்கு? ஹாலும் விருந்தினர் அறையும் மட்டும் விட்டுட்டு, சமையலறை, உங்க பெட்ரூம், பால்கனி மூணையும் பூட்டுங்க. அரை மணி நேர வேலை. வீடு முழுக்கக் குழந்தைகளுக்கு ஏத்த மாதிரி மாத்துறது நாலு நாள் விருந்துக்கு ரொம்ப அதிகம்.

#7 · ஊதாக்குடை

பூட்டுசாவி, பாதி சரி. சமையலறையை நாள் பூரா பூட்ட முடியாது, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் யாராவது உள்ள போவாங்க. பூட்டியிருக்குன்னு எல்லாரும் நம்பிட்டு இருக்கறப்ப யாரோ ஒருத்தர் திறந்து போட்டுட்டுப் போயிடுவாங்க. அந்தக் கதவுக்குப் பின்னாடி எதையும் எடுத்து வைக்காததால ஆபத்து அப்போ ரெண்டு மடங்கு. பால்கனியைப் பூட்டுங்க, நானும் ஒத்துக்கறேன். சமையலறைக்கு, குழந்தை உள்ள போகாதபடி வாசல்ல வைக்கற தடுப்பு கேட்.

#8 · ஸ்க்ரூடிரைவர்

கேட் வாங்கறவங்க கவனிங்க: ஸ்க்ரூ இல்லாம ரெண்டு பக்கமும் அழுத்தத்துல நிக்கற கேட்டை அறை வாசலுக்கும் படிக்கட்டோட அடிக்கும்தான் வைக்கணும். படிக்கட்டு உச்சியில அது வேண்டவே வேண்டாம். ஒண்ணு, ஓட்டத்துல வந்து மோதினாக் கழன்டுடும். ரெண்டு, கீழ்ச் சட்டம் தரையிலிருந்து எழும்பி நிக்கறதால பெரியவங்க கால் தடுக்கி உருளுவாங்க. அங்க சுவர்ல ஸ்க்ரூ போட்ட கேட்தான்.

சமையலறைக்குள்ள: அடுப்புத் திருகுகளை இழுத்தா வந்துடும், சமைக்காத நேரத்துல கழட்டி வைங்க. கேஸ் வால்வை மூடுங்க. பின் பர்னரை மட்டும் பயன்படுத்துங்க, பாத்திரக் கைப்பிடி சுவர்ப்பக்கம் திரும்பி இருக்கட்டும். மேஜைவிரிப்பை எடுத்துடுங்க, அதைப் பிடிச்சு இழுத்துதான் குழந்தைங்க எழுந்து நிப்பாங்க.

#9 · வெள்ளைக்கோட்டு

விருந்துக்கு வந்த வீட்டில் சூடான பானக் கோப்பைகள் எங்கும் இருக்கும். ஊற்றி 15 நிமிடம் ஆன கோப்பையும் குழந்தைத் தோலைச் சுட்டுவிடும். பெரியவர்களுக்கு மூடி போட்ட கோப்பை கொடுங்கள், ஒரு கையில் குழந்தை, மறு கையில் சூடான பானம் என்று யாரையும் உட்கார விடாதீர்கள். குளியலுக்கு முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர், கலக்கி முழங்கையால் பார்ப்பது. 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் சுடும். குழாயில் வருவது 50 டிகிரிக்கு மேல் போகாதபடி வைத்தால் கையை எடுக்கவாவது நேரம் கிடைக்கும்.

சுட்டுவிட்டால் துணியையும் வளையலையும் கழற்றி, ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுதாக 20 நிமிடம். ஐஸ், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்க்காதீர்கள்.

குளியலறையில் வாளித் தண்ணீர் நிற்கவே கூடாது. இந்த வயதில் தலை கனம் அதிகம். குனிந்து உள்ளே விழுந்தால் கை ஊன்றி எழ பலம் கிடையாது, சத்தமும் வராது. சில செ.மீ. தண்ணீரே போதும். பயன்படுத்திய கையோடு கவிழ்த்து வைப்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

#10 · வாசற்படி

தலை சுத்துது, ஆனா இதுதான் வேணும். ஒரு சந்தேகம். வீட்ல நாங்க ரெண்டு பேர், அண்ணன், அண்ணி. நாலு பெரியவங்க, மூணு குழந்தைங்க. இவ்வளவு பேர் இருக்கறப்ப கண்காணிப்பு சுலபமா இருக்காதா?

#11 · கொத்துச்சாவி

இல்லீங்க, அதுதான் சிக்கலே. ஆள் கூடக் கூட ஒவ்வொருத்தரும் "அவர் பார்த்துக்கறார்"னு நினைச்சுக்குவாங்க. ஒரே ஒருத்தர் இருந்தா அவருக்குத் தெரியும், தான்தான் பார்க்கணும்னு. நாலு பேர் அரட்டையில இருந்தா யாரும் பார்க்கல.

இதுக்கு ஒரே வழி, வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்கறது. "இப்போ சின்னவன் என் பொறுப்பு." இருபது நிமிஷம் கழிச்சு "அண்ணே, இனி உங்க பொறுப்பு", அவர் "சரி"ன்னு பதில் சொன்ன பிறகுதான் நீங்க எழுந்து போகணும். தலையாட்டினாக் கணக்கில்லை. பொறுப்புல இருக்கறவர் அந்த நேரத்துல போன் பார்க்கக் கூடாது.

ரொம்ப மோசமான ரெண்டு நேரம் உண்டு. வந்து இறங்கற கால் மணி, கிளம்பற கால் மணி. வாசக்கதவு திறந்து கிடக்கும், பெட்டி உள்ளேயும் வெளியேயும் போகும், எல்லாரும் நின்னுட்டே பேசுவாங்க. பூனை வெளியே ஓடுறதும் குழந்தை படியில இறங்கறதும் அப்பத்தான். பெட்டி எல்லாம் உள்ள வர்ற வரைக்கும் குழந்தைகளோட ஒரு பெரியவர் விருந்தினர் அறைக்குள்ள, கதவை மூடிட்டு. வாசக்கதவுக்கு ஆறு வயசுக்கு எட்டாத உயரத்துல ஒரு தாழ்ப்பாளும் வேணும்.

#12 · பூட்டுசாவி

பேசிப் பேசி ஒப்படைக்கறதெல்லாம் கொஞ்சம் நாடகத்தனமா இல்லையா? சொந்த அண்ணன்கிட்ட "சரி சொல்லுங்க"ன்னு கேக்கறது...

#13 · கொத்துச்சாவி

முதல் நாள் கூச்சமா இருக்கும். ரெண்டாம் நாள் அண்ணனே உங்ககிட்ட கேப்பார்.

#14 · வாசற்படி

அடுத்தது எனக்குப் பெரிய பயம்: கண்டிக்கறது. சோபா மேல குதிக்கறாங்க, அண்ணி சிரிச்சுட்டே பார்த்துட்டு இருக்காங்கன்னு வைங்க. நான் வாயைத் திறக்கலாமா?

#15 · பூட்டுசாவி

அடுத்தவங்க பிள்ளையைக் கண்டிக்கவே கூடாது. பெத்தவங்ககிட்ட சொல்லுங்க, அவங்க பார்த்துக்கட்டும். இல்லேன்னா உறவு கெடும்.

#16 · மணிப்புறா

பூட்டுசாவியோட எனக்கு உடன்பாடில்லை. வளர்ப்பு பெற்றோருடையது, வீட்டு விதி வீட்டுக்காரருடையது. இரண்டையும் பிரித்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். சாப்பிட அடம், தம்பியை அடிப்பது, தூங்க மறுப்பது, எதிர்த்துப் பேசுவது இவற்றில் நீங்கள் தலையிட வேண்டாம். சோபா, பூனை, அடுப்பு, பால்கனி, கீழ் வீட்டுக்காரர் இவை உங்கள் பக்கம், நேராகக் குழந்தையிடமே சொல்லலாம். ஒவ்வொரு முறையும் "அண்ணி, பாருங்களேன்" என்று போய் நின்றால் அது அண்ணியைக் குறை சொல்வது போல ஆகிவிடும். அதுதான் உண்மையில் புண்படுத்தும்.

வருவதற்கு முன்பே போனில் அண்ணனிடம் பேசிவிடுங்கள், அண்ணியிடம் அவர் சொல்லிக்கொள்ளட்டும். கேட்க வேண்டியவை: யார் எதன் மேல் ஏறுவார்கள், யாருக்கு என்ன ஒவ்வாமை, தூங்கும் நேரம் எது, இரவில் படுக்கை நனையுமா, பூனை பார்த்துப் பழக்கம் உண்டா. இறுதியாக, "சோபாவில் குதிக்க வந்தால் நானே மெத்தைப் பக்கம் திருப்பிவிடட்டுமா?" அந்த "சரி"யை முன்கூட்டியே வாங்கி வைத்தால் அன்றைக்குச் சங்கடம் இருக்காது.

விதி மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவது விதி வந்தால் முதல் விதி மறந்துபோகும். "ஓடாதே" என்பதற்குப் பதில் "வீட்டுக்குள்ள நடக்கணும், ஓட்டம் கீழே போய்" என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்; நாலு வயது "ஓடாதே"யில் "ஓடு"வை மட்டும்தான் பிடித்துக்கொள்ளும். தூரத்திலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய், அவர்கள் கண் உயரத்துக்குக் குனிந்து, பெயர் சொல்லி, ஒரே வாக்கியம். "சோபா உட்கார, குதிக்க மெத்தை. வா, அத்தை காட்டறேன்." கையோடு கூட்டிப்போய் மெத்தையில் ஏற்றிவிட வேண்டும், சொல்லோடு நிறுத்தினால் வேலைக்காகாது.

ஆபத்து என்றால் விதிவிலக்கு. பிடித்து இழுத்த பிறகுதான் பேச்சு, அப்போது யாரிடமும் அனுமதி வேண்டாம்.

#17 · ஊதாக்குடை

மணிப்புறா சொன்ன மெத்தை முக்கியம். குதிக்கறதைத் தடுக்க முடியாது, இடம் மாத்தத்தான் முடியும். பழைய மெத்தை ஒண்ணை ஹால் நடுவுல, சுவரிலிருந்தும் மேஜை விளிம்பிலிருந்தும் ஒரு மீட்டருக்குக் குறையாத தூரத்துல போடுங்க. ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் குதிக்கலாம். ரெண்டு பேர் ஒண்ணாக் குதிச்சா கனமானவர் எழுப்புற அதிர்வுல சின்னவர் தூக்கி எறியப்படுவார்.

மற்றபடி விலை கொடுத்துப் பொம்மை வாங்க வேண்டாம். தரையில ஒட்ட மாஸ்கிங் டேப் (ரோடு, தண்டவாளம், தாவறதுக்குக் கட்டம்), பெரிய அட்டைப்பெட்டி ரெண்டு, சுருட்டின காலுறைப் பந்து பத்து, கழுவினாப் போற க்ரேயான், பழைய காலண்டர் தாளோட பின்பக்கம். எல்லாத்தையும் முதல் நாளே இறக்கிடாதீங்க. பாதியை ஒளிச்சு வச்சு, தினமும் மத்தியானத் தூக்கத்துக்கு அப்புறம் ஒண்ணு ஒண்ணா எடுத்து விடுங்க. பலூன் மட்டும் வேண்டாம், உடைஞ்ச ரப்பர் துண்டு தொண்டையில ஒட்டினா எடுக்கறது கஷ்டம்.

ஆறு வயசு சின்னச் சின்ன பிளாக்கோட விளையாட ஆசைப்பட்டா ஒன்றரை வயசை அடைச்சு வைக்காதீங்க. பெரியவனைத் தடுப்புக்கு உள்ள உட்கார வைங்க, பிளாக்கோட. சின்னவன் வெளியே சுத்தட்டும். ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

#18 · செங்கல்சூளை

கீழ் வீட்டுக்காரர் விஷயம். ரப்பர் மேட், கம்பளம் எல்லாம் பொம்மை விழும் "டக்" சத்தத்தை நன்றாகக் குறைக்கும். குதிகால் தரையில் மோதும் "தொம் தொம்" தாழ்ந்த அதிர்வு. அது கான்கிரீட் தளம் வழியாகவே இறங்கும், 20 மி.மீ. மேட்டும் ஓரளவுதான் குறைக்கும். அதனால் மேட்டை நம்பி இரவு ஒன்பது மணிக்கு ஓட விடாதீர்கள். தேதி சொல்லி, "இந்த நாலு நாள் கொஞ்சம் சத்தம் இருக்கும், எட்டரைக்கு மேல் அடக்கிவிடுவோம்" என்று முன்கூட்டியே கீழே போய்ச் சொல்லிவிடுங்கள். எந்த மேட்டையும்விட அது நன்றாக வேலை செய்யும்.

#19 · மணிப்புறா

ஓட்டத்தை வெளியே தீர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஒன்று முதல் நாலு வயது வரை நாளுக்கு 180 நிமிட உடல் அசைவு. அதில் மூன்று, நாலு வயதுக்கு 60 நிமிடமாவது மூச்சிரைக்கும் அளவு. ஐந்து வயது முதல், அதே நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் அந்த அளவு. வீட்டுக்குள் அடைத்து வைத்துவிட்டு ஏன் குதிக்கிறார்கள் என்று கேட்க முடியாது. காலையில் வெயில் ஏறும் முன் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் வெளியே. படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் விளக்கைக் குறைத்து, குளியல், படப்புத்தகம் என்று இறங்குமுகமாக இருக்கட்டும்.

சத்தம் திடீரென்று இரட்டிப்பானால் பசியா, தூக்கமா என்று முதலில் பாருங்கள். பெரியவர்கள் பேச்சு சுவாரஸ்யத்தில் சாப்பாட்டு நேரம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் அதற்கான விலையைக் குழந்தைகள் வசூலித்துவிடுவார்கள்.

சண்டையா விளையாட்டா என்று தெரியாதபோது முகத்தைப் பாருங்கள். சிரிப்பு இருக்கிறது, துரத்துபவரும் ஓடுபவரும் மாறி மாறி வருகிறார்கள், விழுந்தவர் எழுந்து திரும்ப வருகிறார் என்றால் விளையாட்டு. ஒருவரே எப்போதும் அடியில் இருந்தால் நிறுத்துங்கள்.

#20 · வெள்ளைக்கோட்டு

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வாயில் உணவோடு ஓடுவது, குதிப்பது கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், குறுக்கே வெட்டினால் வட்டம் அப்படியே தொண்டையை அடைக்கும். முழுக் கடலை, பாதாம், பாப்கார்ன், கெட்டி மிட்டாய் நிறைந்த கிண்ணத்தை விருந்தினர் மேஜையில் வைக்கும் பழக்கத்தை இந்த நாலு நாளுக்கு நிறுத்துங்கள்.

அடைத்துக்கொண்டு இருமவோ அழவோ முடியாமல் போனால்: ஒரு வயதுக்கு மேல், குனிய வைத்துத் தோள்பட்டை நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து தட்டு, வரவில்லையெனில் தொப்புளுக்கு மேல் ஐந்து வயிற்று அழுத்தம், மாறி மாறி. இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும்.

#21 · சோப்புநுரை

கறை டிபார்ட்மெண்ட் வந்தாச்சு.

படுக்கை: ரெண்டு அடுக்கா விரிங்க. வாட்டர்ப்ரூஃப் உறை, அதுமேல விரிப்பு, அதுமேல இன்னொரு வாட்டர்ப்ரூஃப் உறை, இன்னொரு விரிப்பு. ராத்திரி ரெண்டு மணிக்கு நனைஞ்சா மேல் ரெண்டையும் உருவி எறிஞ்சாப் போதும், கீழே தயார் படுக்கை. வெறும் ரப்பர் ஷீட் வியர்க்கும், நழுவும். எலாஸ்டிக் வச்ச உறை நல்லது.

மெத்தை வரைக்கும் போயிட்டா: தேய்க்காதீங்க, காய்ந்த துண்டை வச்சு முழங்கையால அழுத்தி ஒத்துங்க, ஈரம் துண்டுல வர்றது நிக்கற வரைக்கும். வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிசமமாக் கலந்து தெளிச்சு மறுபடி ஒத்தி எடுங்க. மேல பேக்கிங் சோடாவைத் தாராளமாத் தூவி ராத்திரி முழுக்க விட்டு வேக்யூம் பண்ணுங்க. வெந்நீர், ஸ்டீம் வேண்டாம், சூட்டுல வாசம் உள்ளேயே தங்கிடும். ப்ளீச் ஊத்தவே கூடாது: சிறுநீரில இருக்கற அம்மோனியாவோட சேர்ந்தா மூச்சை அடைக்கற நச்சு வாயு வரும். வினிகரோட சேர்ந்தா குளோரின்.

சுவர்ல க்ரேயான்: ஈரத் துணியில கொஞ்சம் பேக்கிங் சோடா, வட்டமா லேசா. வெள்ளை மெலமைன் பஞ்சு சீக்கிரம் எடுக்கும், ஆனா அது நைஸ் உப்புத்தாள் மாதிரிதான், பளபளப்புப் பெயிண்ட்டுல மங்கல் திட்டு விழும். கதவு பின்பக்கம் சோதிச்சுப் பாருங்க.

துணியில பால்பாயிண்ட்: கீழே பழைய துணி வச்சு, 70% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சால மேலிருந்து ஒத்துங்க. மை கீழ்த்துணிக்கு இறங்கும், அதை நகர்த்திட்டே இருக்கணும். பால், ரத்தம், முட்டைக்குப் பச்சைத் தண்ணி மட்டும். களிமண் பொம்மை மாவு கம்பளத்துல அப்பினா ஈரத்தோட கை வைக்காதீங்க, முழுசா காய விட்டு நொறுக்கி உதிருங்க.

சோபாவைக் கெட்டியான பெட்ஷீட்டால மூடி, மடிப்புகளுக்குள்ள சுருட்டின பேப்பரைத் திணிச்சுடுங்க. ஷீட் நகராது, நாணயமும் பிஸ்கட் தூளும் உள்ள போகாது.

#22 · பூனைமீசை

வாசற்படி, பூனையை மறந்துட்டாங்க எல்லாரும், பழி போடறதுக்கு மட்டும் ஞாபகம் வந்தது.

உங்க பெட்ரூமை பூனைக்குக் கொடுங்க. மலப்பெட்டி, தண்ணி, சாப்பாடு, பிறாண்டுற கட்டை, அலமாரி மேல ஏற வழி, கதவு திறந்த கூண்டு எல்லாம் அங்கே. விருந்தாளி வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே மாத்திடுங்க. வர்ற அன்னிக்கு மாத்தினா பயமும் புது இடமும் சேர்ந்து மலப்பெட்டிக்கு வெளியே போகும். அந்தக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள். பூனையைப் போய்ப் பார்க்கறது பெரியவர் ஒருத்தரோட, ஒரு குழந்தை வீதம், தரையில உட்கார்ந்து, கையை நீட்டி, பூனை தானா வந்தா மட்டும். தூக்கக் கூடாது, துரத்தக் கூடாது, சாப்பிடறப்பவும் தூங்கறப்பவும் தொடக் கூடாது.

வால் சடார்னு அடிக்குது, காது பின்னாடி படியுது, முதுகுத் தோல் துடிக்குதுன்னா உடனே குழந்தையைக் கிளப்புங்க. கடிச்சாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவி, டாக்டர்கிட்ட காட்டுங்க. பூனைக்கடி மேலே சின்னப் புள்ளியாத் தெரியும், உள்ளே ஆழம், சீழ் பிடிக்கும்.

#23 · வாசற்படி

அருமை. கடைசியா ரெண்டு. ஒன்றரை வயசு எங்க படுக்கும்? அப்புறம் பாத்ரூம்ல உள்ளே போய் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா?

#24 · ஸ்க்ரூடிரைவர்

படுக்கை: பெரியவங்க கட்டில் ஓரத்துல தலையணை அணை கட்டறது வீண், குழந்தை அதோட சேர்ந்து உருளும். கட்டிலைச் சுவர் ஓரம் தள்ளினாலும் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவுல இடுக்கு உண்டாகும், அதுல சிக்கினா மூச்சு முட்டும். ஒன்றரை வயசுக்குக் கெட்டியான மெத்தை தரையில, எல்லாப் பக்கமும் சுவர் விட்டுத் தள்ளி. அவங்க குழந்தைக்கான மடக்குக் கட்டில் கொண்டு வந்தா, கூட வந்த மெத்தையை மட்டும் போடணும். மேல இன்னொரு மெத்தை சேர்த்தா ஓரத்துல இடைவெளி வரும்.

பாத்ரூம்: தாழ்ப்பாள் நாக்கு மேல கெட்டி டேப்பை ஒட்டுங்க, அல்லது உள் கொண்டியைக் கழட்டிட்டு தலைக்கு மேல ஒண்ணு போடுங்க. உருண்டைக் கைப்பிடிப் பூட்டா இருந்தா வெளிப்பக்கம் நடுவுல சின்ன ஓட்டையோ நாணயம் நுழையற வெட்டோ இருக்கும், எதைக் கொண்டு திறக்குதுன்னு இப்பவே பழகி அந்தக் கருவியைக் கதவு நிலை மேல வைங்க. மத்த கதவுகளுக்கு மேல் விளிம்புல ஒரு துண்டை மடிச்சுப் போட்டா முழுசா சாத்தாது, விரல் தப்பிக்கும். கீல் பக்கத்து இடுக்குல இந்த வித்தை பலிக்காது. அங்கே ஒன்றரை வயசோட விரல் நல்லா நுழையும், கதவைத் தள்ளறவங்களுக்கு அது தெரியாது. கதவை விரியத் திறந்து கயித்தால கட்டிப் போடறதுதான் வழி.

#25 · சோப்புநுரை

அவங்க கிளம்பினதும் தரையைப் பெருக்கறதுக்கு முன்னாடி கையால ஒருமுறை பாருங்க, பேட்டரி, ஸ்டிக்கர், ரப்பர் பேண்டு, நூல் எதுவும் பூனை வாய்க்குப் போயிடாம. அடுப்புத் திருகைத் திரும்ப மாட்டறப்ப எல்லாம் "ஆஃப்"ல இருக்கான்னு சரிபார்த்துட்டு கேஸைத் திறங்க. காணாமப் போன ரிமோட்டும் ஸ்பூனும் குப்பைக்கூடை, ஷூ, வாஷிங் மெஷின் மூணுல ஒண்ணுலதான் இருக்கும். மெஷினை ஓட்டறதுக்கு முன்னாடி, குழந்தைங்க இருக்கற நாட்கள்லயும் சரி, பூனை இருக்கற வீட்ல எல்லா நாளும் சரி, டிரம்முக்குள்ள கையை விட்டு ஒரு சுத்து தடவிட்டு மூடுங்க.